பொத்தான் பவளத்துக்கு அடியில்

பிப்ரவரி 15, சனி

காலையிலேர்ந்து மழை. லோரி லேட். மதியத்துக்கு மேல தொட்டி வந்துச்சு. நாலடி. பி. வச்சிருந்தது மூணடி.

ஹால்ல அதே இடம். அவன் தொட்டி நின்ன இடத்துல டைல்ஸ் மட்டும் வெளுப்பு. இத்தனை மாசமா அதை மிதிக்காம சுத்திப் போயிட்டிருந்தேன். இன்னைக்கு அது மேலயே ஸ்டாண்டைப் போட்டாச்சு.

லோரிக்காரர்: "மீன் வளக்கப் போறீங்களா டீச்சர்? நல்ல பொழுதுபோக்குலா."
ஆமாண்ணேன்னேன். பொழுதுபோக்காம்.

பி. என் புருஷன். சட்டப்படி இன்னும். முழுப் பேர் எழுதக் கை வரலை. ஆபீஸ்ல ஒருத்தியோட போயிட்டான். அவ பேரும் வேணாம். அவள், போதும்.

போன அன்னைக்கு ஆளு வச்சு தொட்டியைத் தூக்கினான். ஒவ்வொரு மீனுக்கும் தனிப் பை, ஆக்ஸிஜன், ரப்பர் பேண்டு. எங்க மக யாழினி கேட் பக்கத்துல நின்னா, ஸ்கூல் உடுப்போட. அவகிட்ட ஒரு வார்த்தை இல்லை. "கேட்டைப் பெருசாத் திற" மட்டும்.

அதுக்கப்புறம் என் சித்தி மகன் கல்யாணத்துக்கும் வந்தான். சாப்பாட்டு மேசையில அவன்: "கலா கையில ஒரு கருவேப்பிலைச் செடி நிக்குமா? அந்த வீட்ல எதுவும் உயிரோட இருக்காது." எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அதுதான் இன்னும் எரியுது, நானும் சிரிச்சது.

பிப்ரவரி 23, ஞாயிறு

வெயில். உப்பு கரைச்சேன். வாளி வாளியா. இடுப்பு விட்டுப் போச்சு.

வேணும்: பெரிய ஃபேன் (தண்ணி சூடாகுது, ஈப்போ வெயில்), ஒயர் கட்டு, பழைய துண்டுகள், பினாயில் தீந்து போச்சு. ஃபார்ம் 4 கெமிஸ்ட்ரி பேப்பர் திருத்தலை.

யாழினி சாயங்காலம் வந்தா, அப்பா வீட்லேர்ந்து. வாரக் கடைசி அங்க. புதுத் தாமான், வரிசை வீடுங்க, எங்கம்மா ரப்பர் மரம் சீவின தோட்டத்தை அழிச்சுக் கட்டினது. அவன் வீட்டு போர்ச்சுல இப்போ ரெண்டு காடி, அவன் ஓட்ட ஒண்ணு, அவள் ஓட்ட ஒண்ணு.

"ஏன்மா உப்புத் தண்ணி? சாதா மீன் வளக்கலாம்ல, ஈஸி."
"ஈஸி வேணாம்."
"அப்பாவுக்குப் போட்டியா?"
"இல்லையே."
பதினஞ்சு வயசு. நம்பலை. ஆனா வாளியைப் பிடிச்சா.

ஏப்ரல் 5, சனி

தண்ணியில அம்மோனியா இல்லை, கடைசியா, இனி மீன் விடலாம். டியூபுல சொட்டு விட்டுப் பார்த்தா மஞ்சள், சுத்த மஞ்சள். வெறும் பாறையும் தண்ணியும் வச்சு வாரக் கணக்கா காத்திருந்தேன். யாழினி "இது தொட்டியா, கழுவாத சட்டியா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா.

சிலிபின்ல மீன் கடை. கடை முதலாளி, தவுக்கே, சீனர், தமிழ் நல்லாப் பேசுவார். ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு நீல மீன்.
"டீச்சர், மூடி போட்டிருக்கா? இந்த நீலம் குதிக்கும்."
வலை வாங்கி வச்சிருக்கேன், மாட்டணும்னேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வலை மாட்டலை. நீல மீன் குதிச்சிருச்சு. வெள்ளிக்கிழமை காலையில சோபாவுக்குக் கீழ, காஞ்ச மிளகாய் மாதிரி.

பரவாயில்லைன்னு இருந்திருப்பேன். ஆனா யாழினி அங்க சொல்லியிருக்கா, யதார்த்தமா. அவன் சிரிச்சானாம். "நான் சொல்லலை?"ன்னு அவள்கிட்ட திரும்பிச் சொன்னானாம். அவளும் சிரிச்சாளான்னு கேட்டேன். யாழினி எந்திரிச்சா. தட்டை எடுத்துக்கிட்டு சிங்குக்குப் போயிட்டா.

இன்னைக்கே வலை மாட்டினேன். வலைச் சட்டத்துக்கு ஆணி அடிக்கிறப்போ விரல்ல அடி. நகம் கறுத்துப் போச்சு.

மே 25, ஞாயிறு

அழகு. ஒத்துக்கணும். தவுக்கேகிட்ட வாங்கின பொத்தான் பவளம் விரிஞ்சிருக்கு, பச்சையும் ஆரஞ்சும். ஸ்கூல் விட்டு வந்து உடுப்பு மாத்தாம முன்னாடி உக்காந்துடறேன். சோறு தீய்ஞ்சது ரெண்டு தரம்.

பாறை இடுக்குல புதுசா ஒண்ணு. பழுப்பு நிறம், குட்டித் தென்னை மரம் மாதிரி, தலையில முடி முடியா. போட்டோ எடுத்துத் தவுக்கேகிட்ட காட்டினேன்.

"ஐயோ டீச்சர்! ஐப்டேசியா. உடனே கொல்லணும். பக்கத்துல உள்ள பவளத்தையெல்லாம் கொட்டிக் கொன்னுரும்."
"பிடுங்கிடலாமா?"
"கைய வைக்காதீங்க. வெட்டினா ஒவ்வொரு துண்டும் புதுசா ஒண்ணாயிரும். ஒரு கஸ்டமர், பெரிய தொட்டி, எல்லாத்தையும் வெளிய கொட்டிட்டான். அழுதான்."

சிரிஞ்சு வாங்கச் சொன்னார். வெத்தலைச் சுண்ணாம்பை கெட்டியாக் கரைச்சு அது வாயில விடணுமாம்.

வாங்கிட்டு வந்தேன். கரைச்சேன். தொட்டி முன்னாடி நின்னேன். "பெரிய தொட்டி, எல்லாத்தையும் கொட்டிட்டான்." அதே காதுல ஓடுது.

கொல்லலை. அந்தப் பாறைத் துண்டை மட்டும் எடுத்து தனியா ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல வச்சேன், உப்புத் தண்ணியோட. இறால் ஒரு துணுக்கு போட்டேன். கையை நீட்டி வாங்கிச்சு.

ஜூன் 6, வெள்ளி

வானம் மப்பு. தலைவலி.

நாளைக்கு பி. பிறந்தநாள். யாழினி தயங்கித் தயங்கி: "மா, உங்க பவளத்துல ஒரு சின்னத் துண்டு குடுக்குறீங்களா? அப்பாவுக்கு. கடையில வாங்குறதை விட அது நல்லா இருக்கும்ல." நான் கோவிச்சுக்குவேன்னு பயம், முகத்துல தெரியுது.

"தரேனே"ன்னேன். கட்டிப் பிடிச்சுக்கிட்டா. ரொம்ப நாளாச்சு அவ இப்படிப் பிடிச்சு.

வேற யார் குடுத்தாலும் பி. மருந்துத் தண்ணியில முக்கி, பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்து, தனியா வச்சுதான் உள்ள விடுவான். மக கையால போனா அப்படிச் செய்ய மாட்டான். அவ முன்னாடியே உள்ள வைப்பான். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான்.

பொத்தான் பவளத் துண்டு, நல்லதாப் பார்த்து. டப்பாவுல உள்ள ஐப்டேசியாக் கல்லை ஒடிச்சு பவளத்துக்கு அடியில பசை போட்டு ஒட்டினேன். சுருங்கிக் கிடந்துச்சு, ஒரு புள்ளி. பைக்குள்ள வச்சு, காத்து ஊதி, ரிப்பன் கட்டினேன். ரிப்பன் என் யோசனை.

ஜூன் 8, ஞாயிறு

யாழினிக்கு ஒரே குஷி. "மா, நடுவுல வச்சாரு மா! பெரிய பவளத்துக்குப் பக்கத்துலயே. எல்லாருக்கும் போட்டோ அனுப்பினாரு."
"என்ன சொன்னார்?"
"'உங்கம்மா வளத்ததா? பரவாயில்லையே'ன்னாரு."

பரவாயில்லையே.

இட்லிக்கு மாவு ஆட்டினேன். பாட்டு கூடப் பாடினேன் போல, யாழினி திரும்பிப் பார்த்தா.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெயில். ஹேஸ் புகை, தொண்டை கரகரன்னு.

யாழினி கண்ணு வீங்கி வந்தா. பையை வாசல்லயே போட்டா.

அங்க தொட்டி முழுக்க அது பரவிருச்சாம். அவன் முதல்ல பார்த்தப்போ கத்தியால சுரண்டியிருக்கான். கையை வச்சிருக்கான். நூத்துக்கணக்குல வந்துருச்சு. பெரிய பவளம் எலும்பு மாதிரி வெளுத்துருச்சாம். நான் கேட்டுக்கிட்டே வெங்காயம் நறுக்கினேன். உள்ளுக்குள்ள இனிச்சுது. எழுதிட்டேன், இனிச்சுது.

அப்புறம் அவ சொன்னா.

"எங்கிட்ட கத்துனாருமா. 'யாரு உன்னை இந்தக் குப்பையைத் தூக்கிட்டு வரச் சொன்னா? இனிமே இந்த வீட்டுக்கு எதையும் கொண்டாராதே.' அவங்க முன்னாடியே. நான் சொன்னேன், அம்மாவுக்குத் தெரியாதுப்பா, அம்மா புதுசுதானே, தெரியாம குடுத்துட்டாங்கன்னு."

கத்தியை வச்சுட்டேன்.

உடனே பி.க்கு போன் போட்டேன், யாழினி எதிர்லயே. அவ அழுததுக்காகவா, 'தெரியாம'ங்கிற வார்த்தைக்காகவா, எது முதல்ல வந்துச்சுன்னு தெரியலை. ரெண்டும்.

"கலா? இப்ப என்ன?"
"பிள்ளையைத் திட்டாதே. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான் தெரிஞ்சேதான் குடுத்தேன். அடியில ஒட்டினது நான்."

கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவனை நீன்னு சொன்னதில்லை.

"பைத்தியமா நீ?"
"கருவேப்பிலைதான் நிக்காது. இது நல்லா நிக்குது, பார்த்தியா?"

வச்சுட்டேன். சந்தோஷம், அப்படி ஒரு சந்தோஷம். திரும்பினா யாழினி.

"நான் கட்டிப் பிடிச்சேன்லம்மா அன்னைக்கு." அவ்வளவுதான் சொன்னா. ரூமுக்குப் போயிட்டா.

ஆகஸ்ட் 13, புதன்

யாழினி சாப்பாட்டை ரூமுக்கு எடுத்துட்டுப் போறா. காலையில பஸ்ல போறா, என் காடியில ஏறலை. ஸ்டாஃப் ரூம்ல டயலிசிஸ் செய்யிற தன் அண்ணன் பத்தி ஒருத்தி பேசிக்கிட்டிருந்தா, நான் தலையாட்டினேன், ஒண்ணும் காதுல விழலை.

மீனுக்குத் தீனி போட மறந்துட்டேன். அவ போட்டிருக்கா.

ஆகஸ்ட் 16, சனி

காலையில என் முன்னாடி வந்து நின்னா. கையில சிரிஞ்சு, சுண்ணாம்பு டப்பா.

"நீங்கதான் வச்சீங்க. நீங்கதான் எடுக்கணும்."
"அங்கயா? அந்த வீட்டுக்கா?"
"அப்பாகிட்ட சொல்லிட்டேன். வரலைன்னா நான் திரும்பி வர மாட்டேன்மா, இங்க."

குரல் உயரவே இல்லை. யாரை உரிச்சு வச்சிருக்கான்னு தெரியும். என்னை.

போனேன். பழைய பட்டிக் பாஜுவைப் போட்டுக்கிட்டு. நல்லது எதுவும் அவங்களுக்காகப் போட மனசில்லை.

அவள்தான் கதவைத் திறந்தா. "வாங்கக்கா." நான் நினைச்ச அளவுக்கு அழகில்லை. களைச்ச முகம். டார்ச் பிடிக்க அவளே வந்தா. பக்கத்துல குனிஞ்சு மெதுவா: "தொட்டி இப்படி ஆனதுலேர்ந்து இவர் யார்கிட்டயும் பேசுறதில்லக்கா. இது முன்னாடியே உக்காந்திருக்காரு." பாவம்னு தோணணும். தோணலை. நல்லதுன்னுதான் தோணுச்சு.

பி. மாடிப்படியில உக்காந்திருந்தான், கிட்ட வரலை. தாடி விட்டிருக்கான். சுகமில்லாத ஆள் மாதிரி. நல்லாப் பார்த்துக்கிட்டேன்.

மதியம் வரைக்கும். ஒவ்வொண்ணு வாயிலயும் சுண்ணாம்பு. சுருண்டு, வெள்ளையாகி, கரையும். தோள் வரைக்கும் அவன் தண்ணியில கை. முட்டி போட்டு. யாழினி வாளியும் துணியும் வச்சுக்கிட்டுப் பக்கத்துலயே. நடுவுல ஒரு கிளாஸ் தண்ணி குடுத்தா எனக்கு. முகத்தைப் பார்க்கலை, ஆனா குடுத்தா.

"அவ்வளவுதானாக்கா?" டார்ச்சை அணைச்சுக்கிட்டே அவள்.
யாழினியும் பார்த்தா என்னை. "எல்லாம் போச்சாம்மா?"

பம்புக்குப் பின்னால ஒண்ணு இருந்துச்சு. சின்னது, இப்பதான் தலை விரிக்குது.

போச்சுன்னேன்.