பழைய அளவு ஜாக்கெட்

திருப்பூர்,
10.12.1996

அன்பு மிகுந்த அக்கா சுப்பாத்தாளுக்கு, தங்கை மயிலாள் எழுதிக்கொள்வது.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. மாமாவுக்கு மூட்டுவலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். பிலாயில் இந்த வருஷமும் குளிர் அதிகம் என்றால் அவரைப் பச்சைத் தண்ணீரில் குளிக்க விடாதே. கேட்க மாட்டார், இருந்தாலும் சொல்லிவை. இங்கே இவருக்கு வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. பனியன் துணியை நீராவியில் சுருக்கம் எடுத்துத் தந்தால் போதும் என்று கம்பெனிக்காரர்கள் விடிவதற்கு முன்பே வாசலில் வந்து நிற்கிறார்கள். எல்லோரும் நலம் என்று எழுதி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

பொங்கலுக்கு ஜாக்கெட் தைக்கப் புது அளவு ஜாக்கெட் அனுப்பு, நீ ரொம்ப இளைத்துவிட்டாயாமே, உன் வீட்டுக்காரர் போனில் பெருமையாகச் சொன்னார் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை. போனில் பேசலாம் என்றால் போன் இருப்பது இவருடைய மேஜையில். அதனால் இந்தக் கடிதம். மாமாவுக்குப் படித்துக் காட்டாதே.

நான் நடத்துகிற திங்கட்கிழமை கிளாஸ் உனக்குத் தெரியும். எடை குறைக்கிற கிளாஸைக் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு ஹாலில் வைத்திருக்கிறீர்களே என்று நீயே சிரித்தாய். வருகிறவர்கள் பெரும்பாலும் கம்பெனிக்காரர் வீட்டுப் பெண்கள். ஏற்றுமதியில் பணம் வந்த வேகத்தில் வேலைக்காரி வந்தாள், கார் வந்தது, பின்னாலேயே உடம்பும் வந்துவிட்டது. ஆரம்பித்து வைத்த டாக்டரம்மா கோயமுத்தூருக்குக் குடி போனபோது, சத்தமாகப் பேசுகிறேன், நேரத்துக்கு வந்து கதவு திறக்கிறேன் என்பதற்காக என்னைத் தலைவியாக்கினார்கள். எண்பத்தைந்து கிலோத் தலைவி.

அன்றைக்கே தகராறு. எலாஸ்டிக் கம்பெனிக்காரர் மனைவி மருதாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். “ஏனுங்க, குண்டா இருக்கறவங்க நமக்கு என்னத்தைங்க சொல்லித் தர்றது? மொதல்ல அவங்க இளைச்சுக் காட்டட்டும்” என்று என் காதுபடவே சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. அப்போது முத்துப்பேச்சி எழுந்தாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம், புருஷன் பனியன் துணி கட்டிங் கான்ட்ராக்டர், என்னைவிடப் பெரிய உடம்பு, அதுவரை வாயே திறக்காதவள். “இவுக முன்னால நிக்கதப் பாத்துத்தான் நான் வாரேன். ஒல்லியா ஒருத்தி நின்னா வெக்கத்துல எடை மெஷின்லயே ஏற மாட்டேன்” என்றாள். பாதிப் பேர் ஆமாம் என்றார்கள். நான் தலைவியாகவே இருந்துவிட்டேன். ஒரு வருஷம் வாயைக் கட்டி, மூச்சிரைக்க நடந்தும் பார்த்தேன். மெஷின் முள் எனக்கு மட்டும் அசையவில்லை. அதைச் சொல்லிச் சிரிப்பதே எங்கள் கிளாஸுக்குப் பாதிப் பொழுதுபோக்கு.

இந்த ஆடிக்குப் பிறகு முள் தானாக இறங்க ஆரம்பித்தது. நான் ஒன்றும் செய்யவில்லை அக்கா. நடப்பதைக்கூட விட்டுவிட்டேன், நாலு எட்டு வைத்தால் சோர்ந்து போகிறேன். ஊத்துக்குளி வெண்ணெய் இருந்தால் நான் எத்தனை தோசை தின்பேன் என்று உனக்குத் தெரியாதா? இப்போது அதை உருக்குகிற வாசம் வந்தாலே அடுப்படியை விட்டு எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

கிளாஸில் கைதட்டுகிறார்கள். யாருக்கு எடை குறைந்தாலும் எல்லோரும் சேர்ந்து “இளைச்சுட்டீங்க!” என்று கத்திக் கைதட்ட வேண்டும். அது நான் கொண்டுவந்த வழக்கம்தான். நம் பக்கத்தில் ஒருத்தியைப் பார்த்து இளைச்சுட்டே என்றால், உனக்கு என்ன குறை என்று கலங்கிக் கேட்பதாக அல்லவா அர்த்தம்? இனி அதை வாழ்த்தாக்கிவிடுவோம் என்று பெரிய புத்திசாலி மாதிரி நான்தான் சொன்னேன். இப்போது திங்கட்கிழமை அந்தச் சத்தம் எழும்போது செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொள்கிறேன். எல்லோரையும்விட மருதாள்தான் சத்தம். “இப்பத்தானுங்க தலைவி மாதிரி இருக்கறீங்க” என்கிறாள். ரகசியம் என்ன என்று குடைந்தார்கள். காலையில் வெறும் வயிற்றில் கொள்ளு ரசம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். இப்போது வீட்டுக்கு வீடு கொள்ளு வேகிறது. பல்லடத்திலிருந்து வருகிறவள் தன் மாமியாருக்கும் கொடுக்கிறாளாம்.

தலைவி ஒல்லியாக இருக்க வேண்டுமா என்று அன்று சண்டை போட்டார்களே, குண்டாக இருந்தவரை நான் அவர்களிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை அக்கா. எனக்கும் முடியவில்லை, வாங்க, சேர்ந்து பார்ப்போம் என்றுதான் சொன்னேன். ஒல்லியான பிறகுதான் பொய் சொல்கிறேன்.

அம்மாவும் இப்படித்தான். உனக்கு மறந்திருக்காது. அம்மா சின்னப் பெண் மாதிரி ஆகிவிட்டாள் என்று முதலில் நாமும் சிரித்தோம். ஜாக்கெட்டை நீ இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தாய். கொஞ்ச நாளில் மறுபடியும் பிடித்தாய். அதற்குப் பிறகு அம்மா உன்னிடம் ஜாக்கெட்டைக் கொடுக்காமல் சேஃப்டி பின் குத்திக்கொண்டாள். அம்மாவைக் கொண்டுபோன அந்த நோயின் பெயரை நீயும் நானும் இன்றுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. இந்தக் கடிதத்திலும் நான் எழுதப் போவதில்லை.

தெருவுக்குத் தெரு தையல் மெஷின் ஓடுகிற ஊர் இது. டெய்லரிடம் போனால் டேப்பை வைத்து அளவெடுப்பான் என்று பயந்து, கதவைச் சாத்திக்கொண்டு கையூசியால் நானே பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் நானும் பின் குத்திக்கொண்டேன்.

இவருக்குத் தெரியாது. சந்தோஷத்தில் மனுஷனுக்குக் கண் மறைத்திருக்கிறது. வெள்ளகோவில் கல்யாணத்துக்குப் புதுப் பட்டு எடுத்துக் கொடுத்து, காரில் முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப் போனார். “பொண்ணு பாக்க வந்தப்ப இருந்த மாதிரியே இருக்கறே” என்றார். வழியெல்லாம் பாட்டு வேறு. அந்த முகத்தைப் பார்த்து நான் எதைச் சொல்வது? சொன்னால் அன்றைக்கே கம்பெனியைப் பூட்டிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அதைப் பார்க்க இன்னும் பயம்.

முத்துப்பேச்சி கிளாஸுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நான் இளைத்ததும் நின்றுவிட்டாள், சொன்னது போலவே. நேற்று அவளை மார்க்கெட்டில் பார்த்தேன். கூடையைக் கீழே வைத்துவிட்டு என் முழங்கையைத் தொட்டுப் பார்த்தாள். “என்னக்கா, இப்படி இளைச்சுப் போயிட்டீக? உடம்புக்கு ஏதும் நோவா?” என்று கேட்டாள். இத்தனை மாதத்தில், இத்தனை பேரில், அவள் ஒருத்திதான் கேட்டாள். நான் கொள்ளு ரசம் என்றேன். “கொள்ளு ரசம் குடிச்சா கண்ணு உள்ள போகுமாக்கா?” என்றாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, உனக்குப் பொறாமை என்று சொல்லிவிட்டு, வாங்கிய காயைக்கூட எடுக்காமல் பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவள் எந்த ஸ்டாப் என்று கேட்டாள், டிக்கெட்டை எடுத்துக் காட்டினேன்.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது.

தை மாதம் கிளாஸின் ஆண்டு விழா. என் பழைய போட்டோவையும் இப்போதைய போட்டோவையும் பெரிதாக்கி மண்டப வாசலில் மாட்டப் போகிறார்களாம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நம்பிக்கை வருமாம். மருதாள் போட்டோக்காரனைக் கையோடு கூட்டி வந்துவிட்டாள். சிரிங்க, சிரிங்க என்றான், நானும் சிரித்தேன். அந்தப் படத்தை வாசலில் ஏற்றுவதற்கு முன்னால் நான் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். கோயமுத்தூரில் டாக்டரம்மா இருக்கிறார், விலாசம் பையிலேயே இருக்கிறது. இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். உள்ளே போனால் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவார்களே என்றுதான் கால் எழவில்லை. வேறு ஏதாவது சின்ன விஷயமாகவும் இருக்கலாம் என்று மனசு சொல்கிறது. அம்மாவுக்கும் நாம் அப்படித்தான் சொன்னோம்.

நீ வா அக்கா. மாமாவிடம் பொங்கலுக்கு என்று சொல், ஆனால் பொங்கலுக்கு முன்பே புறப்படு. ரயில் ஊத்துக்குளி தாண்டியதும் பெட்டியை வாசலுக்கு நகர்த்திக்கொள், திருப்பூரில் வண்டி ரொம்ப நேரம் நிற்காது. நான் ஸ்டேஷனில் நிற்பேன். அடையாளம் தெரியாவிட்டால் பச்சைப் புடவையைப் பார். என்னைக் கண்டதும் அழகாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. அந்தக் காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் அம்மாவைப் பிடித்து நிறுத்திக் கேட்பார்களே, அது மாதிரி “ஏங்கண்ணு இளைச்சுட்டே?” என்று கேள். நீ கேட்டால் என்னால் பொய் சொல்ல முடியாது. அங்கிருந்தே உன்னோடு கோயமுத்தூர் பஸ் ஏறிவிடுவேன். டாக்டரம்மா பேசும்போது நீ என் கையை விடாதே, அது போதும்.

புது அளவு ஜாக்கெட் அனுப்பவில்லை. உன்னிடம் இருக்கிற பழைய அளவிலேயே தை. தங்கச்சி இளைத்துவிட்டாளே என்று ஓரத்தைப் பிடித்துவிடாதே, ஒரு நூல்கூடக் குறைக்காதே. தபாலில் போடாமல் உன் கையாலேயே கொண்டுவந்து கொடு. இந்தப் பொங்கலுக்கு அது எனக்குத் தொளதொளவென்று இருக்கும். இருக்கட்டும். அடுத்த பொங்கலுக்கு எனக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று மாரியாத்தாளிடம் கேட்டுக்கொண்டே தை.

மாமாவுக்கு என் வணக்கம்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் தங்கை,
மயிலாள்