கதவைத் திறந்துவைத்து எழுதிய தேர்வு

பெக்கான் நானாஸ்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் லோஷினிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் வேளைக்குச் சாப்பிட்டு, படுத்து, எழுந்து இருக்கிறோம். அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். விளக்கு இப்போது என் பொறுப்பு, திரியை அளவாகப் போட இன்னும் கை வரவில்லை. இத்தனை வசதி இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் இந்த வீட்டில் எல்லார் காதிலும் விழும், வாட்ஸ்அப்பில் எழுதினால் என் போனை எடுத்துத்தான் தம்பி அம்மாவின் மருந்து நேரத்தைப் பார்க்கிறான். அவன் கடைசிப் பாடத்தை எழுதினானா, பட்டம் வருமா என்று நீ கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிட்டேன். அப்படிச் செய்துகொண்டே இருக்க முடியாது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன், வேலை முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்து படி.

தம்பி தீபன் தொழிற்சாலை ஸ்டோரில் வேலை பார்த்துக்கொண்டே மனிதவள நிர்வாகத்தை முழுக்க இயங்கலையில் படிக்கப் பதிந்தது உனக்குத் தெரியும். அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலை அவன் ஒரு நாளும் மிதித்ததில்லை, விரிவுரையாளர்களைக் குரலை வைத்துத்தான் அடையாளம் சொல்வான். பக்கத்து வீட்டு ஐயாசாமி வேலியோரம் நின்றுகொண்டு "என்னலா தீபன், வாத்தியார் மூஞ்சிய பாக்காமலே படிக்கிற, பொண்ணையும் இப்படியே பாத்து தாலிய கொரியர்ல அனுப்பிருவியா" என்று சீண்டுவார். இவனும் விடாமல் "உங்களுக்குச் சாப்பாடு மட்டும் நேர்ல போடுறேன் மாமா" என்பான். ஆனால் தேர்வு என்றால் அது விளையாட்டு இல்லை. மடிக்கணினியைத் தூக்கி அறை முழுவதையும் கேமராவில் காட்ட வேண்டும், கதவை மூட வேண்டும், எழுதி முடிக்கும்வரை மைக் திறந்தே இருக்கும், இன்னொருவர் முகமோ குரலோ வந்தால் தாள் செல்லாது. முதல் ஆண்டில் அம்மா இதெல்லாம் தெரியாமல் மைலோ கலக்கிக் கொண்டுபோய் "கண்ணு, இத குடிச்சிட்டு எழுதுப்பா" என்று அவன் தோளைத் தொட்டாள். அந்தத் தாள் போய்விட்டது, அதோடு ஒரு பருவமும் பின்னால் தள்ளிப் போனது. அவன் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, அம்மாதான் அன்று சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு தேர்வு நாளென்றால் வீட்டுக்கு அம்மாதான் காவல். ஃபேனைக் குறைப்பாள், குக்கர் வைக்க மாட்டாள், ரொட்டிக்காரர் மோட்டாரில் ஹார்ன் அடித்துக்கொண்டு வருவார் என்று தாமான் குடியிருப்பின் முனைக்கே போய் நிறுத்தி ரொட்டியை வாங்கிக்கொண்டு வருவாள். செருப்புச் சத்தம் கேட்டால் மெல்ல, நான் இருமினால் மெல்ல, ஐயாசாமி வாயைத் திறந்தால் மெல்ல, அந்த ஒரு சொல்லைத்தான் அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். நாங்களும் பழகிவிட்டோம்.

கடைசிப் பாடத்தின் தேர்வு அன்று நான் கண் பரிசோதனைக்குப் பொந்தியான் போயிருந்தேன். திரும்பி வந்தபோது, காவலுக்கு உட்காரும் வாசல் நாற்காலியில் அம்மா இல்லை. அடுக்களைத் தரையில் கேஸ் தோங் உருளையின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், வலது பக்கம் முழுதும் தொய்ந்து கிடந்தது, இடது கையால் வாயைப் பொத்தியிருந்தாள். பக்கத்திலேயே சில்வர் தட்டுகள் அடுக்கியிருந்தன, ஒன்றைத் தள்ளியிருந்தால் வீடே எழுந்து வந்திருக்கும். தள்ள முடியவில்லையா, தள்ளாமல் இருந்தாளா என்பது எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவன், தெரியாததைத் தெரிந்ததாக உனக்கும் எழுத மாட்டேன். ஒன்று மட்டும் தெரியும், அவளை அந்த நிலையில் பார்த்த நானே முதலில் மெல்லிய குரலில்தான் கிருஷ்ணம்மா என்று கூப்பிட்டேன். பிறகுதான் கத்தினேன். தம்பி எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தான்.

மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர், இன்னும் முன்னால் கொண்டுவந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மலாயில் சொன்னார். அவர் குறையாகச் சொல்லவில்லை. அன்று சாயந்திரம் நீ போன் செய்து எப்போது ஆரம்பித்தது, வீட்டில் யாருமே பார்க்கவில்லையா என்று கேட்டாய். அது ஒரு தாதி கேட்க வேண்டிய கேள்வி, நீ வேலை பார்க்கும் வார்டில் யாரிடமானாலும் அதைத்தான் முதலில் கேட்பாய், எனக்குப் புரிந்தது. ஆனால் ஸ்பீக்கரில் இருந்ததால் தம்பி கேட்டுக்கொண்டு நின்றான். அவன் அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, அவன் ஏன் உன்னோடு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை என்று நீ வருத்தப்படுகிறாயே, அதற்காக எழுதுகிறேன்.

அம்மா வீட்டுக்கு வந்த பிறகு வாயில் ஒரே ஒரு சொல்தான் திரும்பி வந்திருக்கிறது. இதை நான் உன்னிடம் மறைத்துவிட்டேன். வீடியோவில் நீ பார்க்கும்போது அவளைத் தலையாட்ட மட்டும் சொல்லிவைத்திருந்தேன். அந்தச் சொல் மெல்ல. பசித்தாலும் மெல்ல, கால் வலித்தாலும் மெல்ல, உன் படத்தைக் காட்டினாலும் கண்ணில் நீர் விட்டுக்கொண்டு மெல்ல. சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடும் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் சொன்னாள், உனக்கு இது புதிதாக இருக்காது. தம்பி முதல் முறை அதைக் கேட்டதும் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றான். மடிக்கணினியை அலமாரி மேல் ஏற்றிவிட்டான்.

மருத்துவமனைச் சீட்டைக் காட்டியதால் பல்கலைக்கழகம் அதே பாடத்துக்குச் சிறப்புத் தேர்வு ஒன்று கொடுத்தது. படிப்புக்குக் கொடுத்த கால வரம்பு அதோடு முடிகிறது, இனி வாய்ப்பு இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். நான்தான் கெஞ்சி உட்கார வைத்தேன். உட்கார்ந்தான், நன்றாகத்தான் எழுதினான், ஆனால் அறைக் கதவை மூடவில்லை. அவன் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் கூடத்தில் அம்மாவின் கட்டில் தெரியும்படி மேசையைத் திருப்பிப் போட்டிருந்தான். கேமராவில் மேற்பார்வை செய்த மலாய்க்காரப் பெண்மணி கதவைச் சாத்தச் சொன்னார். கூடத்தில் இருந்த நான் சாத்த எழுந்தேன், தம்பி என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினான். "மாஃப் புவான், தா போலே" என்று அவரிடம் மன்னிப்புக் கேட்டு, மூட முடியாது என்று சொல்லிவிட்டான். பாதியில் அம்மா தெளிவாக, மைக்கில் பதியும்படி, மெல்ல என்றாள். அவன் எழுதுவதை நிறுத்திவிட்டு வந்து அவளைத் திருப்பிப் படுக்கவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுப் போய் மறுபடி எழுதினான். மேற்பார்வை செய்தவர் நல்லவர், நிறுத்தவில்லை, ஆனால் குறிப்பு எழுதாமல் இருக்க அவரால் முடியாது.

அடுத்த வாரம் மின்னஞ்சல் வந்தது. தேர்வின்போது அனுமதியற்ற நபரின் குரல் கேட்டதற்கு விளக்கம் எழுதி, விதி மீறலை ஒப்புக்கொண்டால் தாளைப் பரிசீலிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். போன வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். நாலு வரி வேலை, நானே மலாயில் எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றான். பிறகு கேட்டான், "அம்மாவ அனுமதி இல்லாத ஆளுன்னு நான் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமாப்பா?" அது ஆபீஸ் பேச்சுடா, அதற்கு அர்த்தம் அப்படி இல்லை என்றேன். எனக்குக் கோபமும் வந்தது, அம்மா இத்தனையும் பட்டது இந்தப் படிப்புக்காகத்தானே, அதை வீணாக்குகிறாயா என்று கேட்டுவிட்டேன். அவன் குரலை உயர்த்தவில்லை. "அதுக்காகத்தான்பா கதவ மூடல" என்றான். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து அம்மாவுக்கு நகம் வெட்டினான், கஞ்சி கொடுத்தான், தலை வாரிவிட்டான். நான் அவனையும் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அனுப்பவில்லை. பட்டம் வராது, லோஷினி.

இனி அதை அவனிடம் கேட்காதே. மேல்முறையீடு, வேறு பல்கலைக்கழகம் என்று எதுவும் எடுத்துச் சொல்லாதே, மாப்பிள்ளையிடமும் சொல்லிவை. கேட்பதென்றால் ஐயாசாமி என்ன சொன்னார், வேலை பஸ் நேரத்துக்கு வருகிறதா, அம்மாவின் முட்டிக்கு என்ன தைலம் போடுகிறாய் என்று கேள். அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் முறையில் ஏதாவது தவறு இருந்தால் அதை மட்டும் எனக்குத் தனியாக எழுது. நீ இரவு ஷிஃப்ட் முடித்து வெறும் வயிற்றோடு படுக்காதே. தேர்வெல்லாம் முடிந்தும் இங்கே டிவிக்குச் சத்தம் வைப்பதில்லை, கதவை அடித்துச் சாத்துவதில்லை, நானும் தம்பியும் பாதம் பதியாமல்தான் நடக்கிறோம். வருகிற ஞாயிறு நீ கூப்பிடும்போது போனை அம்மா பக்கத்தில் வைத்து ஸ்பீக்கரில் போடுகிறேன். அவள் மெல்ல என்பாள். நீ குறைக்காதே, நன்றாகச் சத்தம் போட்டுப் பேசு.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல் முருகன் காப்பாற்றட்டும். அம்மாவின் இடது கையை உன் படத்தின் மேல் வைத்து ஆசீர்வாதம் வாங்கியிருக்கிறேன்.

உன் அப்பா,
சபாபதி