எலுமிச்சை இலைகளைத் துடைத்தவர்

மார்ச் 2, சனி

காலை ஆறு மணிக்கு விளக்குப் பெட்டியைத் திறந்தேன். பூச்சிகளை எண்ணும் எங்கள் தன்னார்வலர் குழுவுக்கு இருப்பது ஒரே பெட்டி. வீட்டுக்கு ஒரு வாரம் என்று சுற்றி வருகிறது. இரவெல்லாம் எரிந்த விளக்கின் கீழே ஒரு வாளி, அதற்குள் முட்டை அட்டைகள். ஒவ்வொரு குழியிலும் ஓர் அந்துப்பூச்சி, ஆளுக்கு ஓர் அறை எடுத்துக்கொண்டு தூங்குகிறது. அட்டையைத் தூக்கினாலும் எழுந்திருப்பதில்லை.

ஒன்று மட்டும் என் விரலில் ஏறிச் சிறகை நடுக்கிச் சூடேற்றிக்கொண்டது. நானும் அசையாமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உள்ளே பால் பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது.

மொத்தம் பதினேழு. தாளில் எழுதிவிட்டு எல்லாவற்றையும் செடி நிழலில் விட்டேன்.

பால் வழிந்தது கூடத்துச் சோபாவில் இருந்த என் கணவருக்குத் தெரியவில்லை. தெரிந்தும் எழவில்லையோ என்னவோ. அச்சகத்தை மூடி எட்டு மாதம். இருபத்தாறு வருடம் அச்சு இயந்திரத்தோடு மல்லுக்கட்டிய மனிதர், இப்போது சவரம்கூடச் செய்வதில்லை.

மார்ச் 5

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் நல்ல கூட்டம். ஒருவருக்குப் புதுக் கண்ணாடி மாட்டிவிட்டேன். வெளியே பார்த்து, “மரத்துல இலை தனித்தனியா தெரியுதே” என்றார். நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9, சனி

நாலு எலுமிச்சைத் தொட்டியிலும் சேர்த்து இருபத்துமூன்று வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள். மூன்று தடவை எண்ணினேன். அரை விரல்கடை நீளம், பழுப்பும் வெள்ளையுமாக. இலை மேல் குருவி போட்ட எச்சம் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

எங்கள் குழுவை நடத்தும் நர்ஸம்மாவிடம் போனில் சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்றும் வார்டு ரவுண்ட்ஸை விடவில்லை அவர். இப்போது நோயாளிகள் எல்லாம் செடிகள்.

“அந்த வேஷம் பறவைய ஏமாத்தறதுக்கு. தன் எச்சத்தைத் தானே தின்னுமா அது? வளர்ந்தா பச்சையாயிடும், பாருங்க. உங்க தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு பூங்கா, இந்தப் பக்கம் ஒரு பூங்கா. நடுவுல முட்டை போட உங்க வீட்ட விட்டா வேற இடமே இல்ல. பத்திரம்.”

பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இரவு சாப்பாட்டின்போது கணவரிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

மார்ச் 10

கனவு. வீட்டுக் கூரை மெல்லிய காகிதம். மேலே யாரோ நடக்கிற சின்னச் சின்ன அடிகள், ஆயிரக்கணக்கில். பயமே இல்லை. விழித்த பிறகும் கொஞ்ச நேரம் கேட்டது.

மார்ச் 13

கடையிலிருந்து வந்தால் வாசலில் நிற்கிறார். சட்டைக் கையை மடித்துவிட்டிருக்கிறார்.

“வா, ஒண்ணு காட்றேன்.”

நாலு தொட்டியிலும் இலைகள் மின்னின. கடையிலிருந்து நான் கொண்டுவந்து போட்டிருந்த கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணிகள் கொடியில் வரிசையாகக் காய்ந்தன.

“குருவிங்க நாசம் பண்ணி வச்சிருந்துது. நீ இவ்வளவு ஆசையா வளர்க்கற செடி. ஒரு இலை விடல, மேல கீழ ரெண்டு பக்கமும் துடைச்சிட்டேன். தளிர் மட்டும் தொடல, ஒடிஞ்சிடும்.”

அச்சு உருளைகளைத் துடைக்கிற கை. ஒரு புள்ளி மை மிச்சம் வைக்காத கை. எட்டு மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தார்.

“பளபளன்னு இருக்குங்க” என்றேன்.

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இருபத்துமூணும் போச்சு. ஒண்ணுகூட இல்ல. யாரத் திட்டறது — அவரையா? ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் போய்ப் பூச்சி பத்தி வகுப்பு எடுக்கறேன், வீட்ல இருக்கற மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னேனா? அவருக்கு எதுலயும் நாட்டமில்லன்னு நானே முடிவு பண்ணிட்டேன். அவ்வளவுதான்.

மார்ச் 16, சனி

குழுவின் தாளில் புழு எண்ணிக்கை: பூஜ்யம். காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. “தெரியவில்லை” என்று எழுதினேன். பேனா நகரவே மாட்டேன் என்றது.

மார்ச் 19

ஏழு மணிக்கு எழுகிறார். சவரம் செய்துகொள்கிறார். துணியை நனைத்துப் பிழிந்து தோட்டத்துக்குப் போகிறார். முற்றிய இலையில் ஒரு தூசி தங்குவதில்லை.

மகள் போன் செய்தாள். “அப்பா குரலே மாறிடுச்சு. என்னம்மா மருந்து குடுத்தே?”

எலுமிச்சை என்றேன். சிரித்தாள். நானும் சிரித்தேன். உள்ளே முள் மாதிரி குத்துகிறது. எதை விட்டுக்கொடுப்பது? காலையில் எழுந்து உட்காருகிற இந்த மனிதரையா, இனி வரப்போகிற புழுக்களையா?

மார்ச் 23, சனி

மறுபடி பூஜ்யம். நர்ஸம்மாவே நேரில் வந்துவிட்டார். இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

“இவ்வளவு சுத்தமா இருக்கே, இதுதான் எனக்குச் சந்தேகம். எதிர்வீட்டு டிரைவர் ரோஜாவுக்கு மருந்து அடிக்கறாரே, அது காத்துல வந்திருக்கும். நான் பேசிட்டு வரேன்.”

தடுத்திருக்க வேண்டும். ஜன்னல் வழியாகக் கணவர் தொட்டிக்கு நீர் ஊற்றுவது தெரிந்தது.

சாயங்காலம் டிரைவர் மனைவி என்னைக் கேட்டில் பிடித்துக்கொண்டார். “நாங்க மருந்து அடிக்கறத விட்டு ஒரு வருஷம் ஆச்சுக்கா. உங்க பூச்சிய நாங்க ஏன் கொல்லப்போறோம்?” கண் கலங்கியிருந்தது.

போதும். செய்யாத குற்றத்துக்கு இன்னொரு வீட்டுக்காரர் தலைகுனிவதா?

மார்ச் 24, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அவர் தொடாமல் விட்ட தளிர் ஒன்றில் புதிதாக ஒரு புழு இருந்தது. கடையில் வில்லை பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தேன்.

“என்னங்க, இத கொஞ்சம் பாருங்க.”

“எச்சம்தான். தளிர் முத்தட்டும், துடைச்சிடறேன்.”

“தொட்டுப் பாருங்க.”

விரல் நுனியால் தொட்டார். அது தலையைத் தூக்கி, ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டியது. நூலிழைதான் இருக்கும். அவ்வளவு சின்ன உயிர் அவரை மிரட்டிப் பார்த்தது.

கண்ணாடியை இறக்காமலே நின்றார். எனக்கு அவர் காது மட்டும்தான் தெரிந்தது. அது சிவந்துகொண்டே போனது.

“எத்தனை இருந்துது?”

“இருபத்துமூணு.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“சிரிச்சீங்க” என்றேன்.

துணியைச் சோப்புப் போட்டு அலசி, உதறி, கொடியில் போட்டார். சாப்பிடவில்லை.

மார்ச் 25

சோபாவில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார்.

மார்ச் 26

காரணக் கட்டத்தில் அடித்து எழுதினேன்: “எச்சம் என்று நினைத்து வீட்டில் துடைத்துவிட்டோம்.” நர்ஸம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“துடைச்சோம்னு எழுதியிருக்கீங்களே. ரெண்டு பேருமா?”

“ஆமா” என்றேன்.

“எதிர்வீட்டுல நான்தான் வாய விட்டேன். நான் போய்ச் சொல்றேன்.” சேர்ந்தே போனோம். டிரைவர் நாற்காலி எடுத்துப் போட்டார். அவர் மனைவி தண்ணீர் கொடுத்தார்.

வீட்டில் இவரிடம் மாற்றமில்லை. “சாப்பிடுங்க.” “ம்.” “தூங்குங்க.” “ம்.”

மார்ச் 27

சொல்லாமலே இருந்திருக்கலாமோ? நாலு தொட்டிச் செடி. உலகத்தில் வேறு எலுமிச்சையே இல்லையா?

இல்லை. பொய்யில் எத்தனை நாள் துடைத்துக்கொண்டிருப்பார்?

கனவில் அவர் தாள் அடுக்குகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு தாளும் மெதுவாக எழும்பிப் பறந்தது. கூப்பிட்டேன். குரல் வரவில்லை.

மார்ச் 29, வெள்ளி

வேலை முடிந்து வந்தால் வீடு பூட்டியிருந்தது.

கதவைத் தட்டினேன். ஜன்னல் வழியே பார்த்தேன். சோபா காலி. தலையணை மட்டும் ஓரமாக, ஒழுங்காக. சாவிக்குப் பையைத் துழாவினேன். இல்லை. எட்டு மாதமாக நான் வரும்போது வீட்டில் ஆள் இருக்கிறது. சாவி எடுத்துப்போகிற வழக்கமே விட்டுப்போயிருக்கிறது.

போன் செய்யலாம் என்று எடுத்தபோது டிரைவர் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது.

“பாத்தா குருவி எச்சம் மாதிரியேதான் இருக்கும். துடைச்சிடாதீங்க. நான் துடைச்சவன், அதான் சொல்றேன்.”

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் என்னவோ கேட்டார். இவர் பதில் சொன்னார். புழு எப்படிக் கொம்பு நீட்டும் என்று விளக்கினார். நடுவில் டிரைவரின் மனைவி சிரிப்பதும் கேட்டது. வெயில் சாய்ந்து எதிர்ச் சுவரெல்லாம் மஞ்சளாக இருந்தது. கை கால் எல்லாம் கனமில்லாமல், காலை வாளியில் தூங்கும் பூச்சி போல இருந்தேன்.

வெளியே வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். கையில் பழைய அச்சகக் குறிப்பேடு.

“எவ்வளவு நேரமா உக்காந்திருக்கே?”

“இப்பதாங்க.”

“இவங்க கொல்லையில பெரிய எலுமிச்சை மரமே இருக்கு, தெரியுமா உனக்கு? கீழ்க்கிளையில மட்டும் ஒன்பது புழு.” குறிப்பேட்டைப் புரட்டினார். “எட்டு வீட்டுல சொல்லி முடிச்சுட்டேன். இருட்டறதுக்குள்ள இன்னும் மூணு பாக்கி.”

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு போனார். அழைப்பு மணி கேட்டது. கதவு திறந்தது.

நான் உள்ளே போகவில்லை. அடுத்த கதவும் திறக்கிற சத்தம் கேட்கும்வரை, சாவியை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.