கெய்கோ அம்மாவிடம் விடைபெற்ற விதம்

நாவற்குடா,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்பு மகன் ஜொய்சனுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே குறை ஒன்றுமில்லை. ஜப்பானில் நீ, மருமகள் மியூகி, பேத்தி எமி மூவரும் சுகமாயிருக்க மாதா துணை.

சில மாதமாக நான் எங்கே போய்வருகிறேன் என்று நீ கேட்டபோதெல்லாம் தையல் வகுப்பு என்று மழுப்பினேன். உண்மை இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். டவுனில் ஜப்பானிய வகுப்பு. முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு அங்கே வரவிருக்கும் இளசுகள்தான் என் சக மாணவர்கள். முதல் நாள் நான் நுழைந்ததும் ஆசிரியர் வந்துவிட்டார் என்று எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் பின்வரிசை வாங்கில் போய் உட்கார்ந்தேன்.

எழுத்துகளை என் பாணியில் மனதில் பதித்தேன். 'ஷி' தூண்டில் முள். 'கு' கொக்கின் திறந்த அலகு. 'நு'வும் 'மெ'யும் மட்டும் இரட்டைப் பிள்ளைகள் போல இன்னும் என்னை ஏய்க்கின்றன. குசினிச் சுவரில் ஒட்டியிருந்த எழுத்துகளைப் பார்த்து உன் அப்பா, "என்னகா, வீட்டுக்கு மந்திரம் கட்டுறியா? மறுகா சோத்தையும் குச்சியாலதான் தின்னோணுமோ?" என்றார். இப்போது விடிந்ததும் "ஒஹாயோ" என்று தேத்தண்ணீர் கேட்பவரும் அவர்தான்.

எதற்காகப் படித்தேன் என்பது உனக்குத் தெரியும். கணவர் இறந்த பிறகு உன் மாமி கெய்கோ அம்மாவுக்கு மியூகி ஒருத்திதான். பாலன் யேசு பிறக்கும் நத்தாருக்கு இங்கே அனுப்பினால் மகளும் பேத்தியும் திரும்பி வரமாட்டார்கள் என்று பயந்து மறித்துவிட்டார். அவரோடு என் வாயாலேயே பேச விரும்பினேன். இன்னொருவர் மொழிபெயர்த்துக் கொடுக்கும் சொல் ஆறிய தேத்தண்ணீர் மாதிரி.

வியாழக்கிழமை நீ வேலையில் இருந்தபோது மியூகி அவரை வீடியோவில் அழைத்து வந்தாள். "ஹஜிமெமாஷிதே" என்று முதல் சந்திப்பு வணக்கம் சொல்லித் தலை குனிந்தேன். நெற்றி போனில் இடித்தது. கெய்கோ அம்மா சிரித்துவிட்டார். ஆனால் பேச்சு நத்தாருக்கு வந்ததும் முகம் இறுகிவிட்டது. எனக்கோ படித்த சொற்களெல்லாம் தீர்ந்துவிட்டன.

விடைபெற எங்கள் ஆசிரியர் உதயரூபன் ஒரு மரியாதைச் சொல் பழக்கியிருந்தார். அது நாவில் வரவில்லை. வாசல் தாண்டும்போது யாரும் 'போறன்' என்று சொல்லாத ஊர்க்காரி நான். என்னை அறியாமல் "இத்தேகிமாஸ்" என்றேன். போயிட்டு வாறன் என்று அர்த்தம். ஆனால் சொந்த வீட்டிலிருந்து கிளம்புபவர்தான் அங்கே அப்படிச் சொல்வாராம்! அவருடைய வாசலை ஒருநாளும் மிதிக்காத நான் சொல்லிவிட்டேன்.

அவர் திகைத்து மகளிடம் ஏதோ கேட்டார். மியூகி விளக்கிவிட்டு, நீ பழக்கிய தமிழில் என்னிடமும் சொன்னாள்: "அங்க போறன் எண்டு சொல்ல மாட்டாங்க, போனா திரும்பி வரோணும் எண்டு அம்மாக்கிட்டச் சொன்னன் மாமி." கெய்கோ அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்தேரஷ்ஷாய்" என்றார். வீட்டில் இருப்பவர் சொல்லும் பதில் அது. போயிட்டு வா.

மறுநாள் மியூகி தகவல் அனுப்பினாள்: நத்தாருக்கு அம்மா சம்மதம்! வகுப்பில் சொன்னேன். "பிழையாச் சொல்லிப் பாஸாகின ஆள் நீங்கதான் டீச்சர்" என்றார் உதயரூபன். வகுப்பே கைதட்டியது. இத்தனை வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தும் எனக்கு இப்படியொரு கைதட்டல் கிடைத்ததில்லை, மகன்.

இத்துடன் உள்ள மற்றத் தாள் கெய்கோ அம்மாவுக்கு. முழுவதும் என் கையால் எழுதியது. 'நு' எங்கேயாவது 'மெ' ஆகியிருந்தாலும் திருத்தாமல் கொடு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். புறப்படும் அன்று அவர் வாசலில் நின்று மூவரும் "இத்தேகிமாஸ்" சொல்லுங்கள். எமிக்கும் பழக்கு. அவர் பதில் சொன்ன பிறகே படி இறங்குங்கள். விடுமுறை முடிந்ததும், சொன்ன நாளில் மியூகியையும் எமியையும் அவரிடம் சேர்த்துவிடு. நான் மறிக்க மாட்டேன். இங்கிருந்து கிளம்பும்போது நம் வாசலிலும் ஒரு தரம் நின்று, எனக்கும் அதைச் சொல்லிவிட்டுப் போ.

ஆண்டவர் உங்கள் போக்கையும் வரவையும் காப்பாராக.

பதில் சொல்லக் காத்திருக்கும்
அம்மா றஜனி