என் பெட்டி வேலை செய்யுதா?

மார்ச் 4, செவ்வாய்

இன்று முழுக்கப் பல் டாக்டர் புராணம். காலையில் அவருடைய வரவேற்பறைப் பெண் அழாத குறையாகப் போன் செய்தாள். டாக்டர் பெயரில் ஒரு மெயில்: "மீட்டிங்கில் இருக்கிறேன், போன் செய்யாதே, உடனே பத்து கிஃப்ட் கார்டு வாங்கி அதன் எண்களை அனுப்பு." அந்தப் பெண் செருப்பு மாட்டிக் கிளம்பியே விட்டாளாம். வாசலில் டாக்டரே எதிரே வந்ததால் தப்பித்தாள். பெயர் அச்சு அசலாக டாக்டருடையது. முகவரிதான் எவனோ ஒருவனுடையது. பெயரைப் பார்த்த பிறகு முகவரியை யார் பார்க்கிறார்கள்?

மதியம் உட்கார்ந்து, நான் மெயில் வசதி பார்த்துக்கொடுக்கும் இருபத்து மூன்று சின்னக் கம்பெனிகளுக்கும் ஒரே ரூல் போட்டேன். முதலாளியின் பெயரைத் தாங்கி வெளியிலிருந்து எந்த மெயில் வந்தாலும் உள்ளே விடாதே, தடுப்பறையில் போடு. அங்கே முப்பது நாள் கிடக்கும், பிறகு தானாக அழிந்துவிடும். இருபத்து மூன்று பெயர்களையும் நானே ஒவ்வொன்றாகத் தட்டினேன். கீழே தையல் கடை மெஷின் சத்தம், மேலே என் ஒற்றை அறை ஆபீசில் எனக்கு நானே சபாஷ். கூடுதலாக ஒரு டீ.

ஞாபகம் இருக்கட்டும்: வாரம் ஒரு முறை தடுப்பறையைத் திறந்து பார்க்க வேண்டும்.

மார்ச் 12, புதன்

பத்து மணிக்குத் தராசுக்காரர் போன். எடை மெஷின்களைப் பழுது பார்த்து, சரிபார்த்துக் கொடுக்கும் பெரியவர். என் இருபத்து மூன்றில் மிகக் குறைவாக மெயில் வருவது அவருக்குத்தான். ஒரு நாளைக்கு நாலு வந்தால் அதிசயம்.

"ஏம்மா, என் பெட்டி வேலை செய்யுதா?"

"சோதனை" என்று ஒரு மெயில் அனுப்பினேன். "வந்துருச்சும்மா, உன்னோடது வந்துருச்சு" என்றார். குரலில் சந்தோஷமே இல்லை.

மார்ச் 13

மறுபடி பத்து மணி. மறுபடி சோதனை. வந்தது.

மார்ச் 17, திங்கள்

இந்த மனிதருக்கு என்னதான் ஆச்சு? தினமும் பத்து மணிக்கு ஒரே கேள்வி. கடிகாரம் நின்று போனாலும் எனக்குக் கவலையில்லை என்று வீட்டில் சொல்லிச் சிரித்தேன். "பெரியவருக்குப் பேச ஆள் இல்லையோ என்னவோ" என்றார் என் கணவர். இருக்கலாம். ஆனால் அவர் பேசுவதேயில்லையே. கேட்கிறார், வைத்துவிடுகிறார்.

மார்ச் 26, புதன்

நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நீளமான கடை. பிரித்துப் போட்ட தராசுகள், ஸ்க்ரூ டப்பாக்கள், துணி விரித்த பலகையில் பித்தளை எடைக்கற்கள் உயரவாரியாக. அவற்றை வெறும் கையால் தொட விடமாட்டார். கைப்பிசுக்கு ஒட்டினால் எடை மாறிவிடுமாம்.

கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் இல்லை. அவர் எதிரிலேயே என் போனிலிருந்து சோதனை அனுப்பினேன். டிங் என்று வந்தது. பாருங்கள் என்று காட்டினேன், கொஞ்சம் பெருமையாகத்தான்.

அவர் சிரித்தார். "நம்ம கல்லை நம்ம தராசுல வெச்சா எப்பவும் சரியாத்தாம்மா காட்டும். வெளியாள் கல்லைக் கொண்டாந்து வெச்சுப் பாக்கணும்."

தொழில் புத்தி எங்கேயும் கூடவே வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். வேறெதுவும் நினைக்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

இன்று போனில் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "சார், அப்படி யாருகிட்டருந்து மெயில் வரணும்? சொன்னா நான் தேடிப் பாக்கறேன்ல" என்றேன்.

சொன்னார். மகளாம். ஆறு வருஷம் முன்பு தனக்குப் பிடித்தவனோடு போனவள். "அவ அம்மா காரியத்துக்கு வந்தாம்மா. வாசக் கதவுகிட்டயே நின்னா. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்." அதன் பிறகு போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். போன மாதம் அவளுடைய பழைய சிநேகிதியைப் பிடித்து மெயில் முகவரி வாங்கியிருக்கிறார். பதினோராம் தேதி எழுதினாராம். வாழ்க்கையில் கணக்கு வழக்கு இல்லாமல் அவர் எழுதிய முதல் மெயில்.

"போய்ச் சேந்துச்சாம்மா?"

பார்த்தேன். போய்ச் சேர்ந்திருக்கிறது. சொன்னேன்.

"அப்ப பாத்திருப்பா. பதில் போட மனசில்ல" என்றார். "என் மேலயும் தப்பு இருக்கு. அவ எழுதறப்ப எழுதட்டும். பெட்டிய மட்டும் பாத்துக்க."

பார்த்துக்கறேன் சார் என்றேன். அவரைக் கிண்டல் செய்ததை நினைத்தால் இப்போது கூசுகிறது.

ஏப்ரல் 15

பத்து மணி. சோதனை. வந்தது. தடுப்பறை பார்க்கணும் — நாளைக்கு.

மே 2, வெள்ளி

எழுதவே கை வரவில்லை.

மதியம் லிஃப்ட் ரிப்பேர்க்காரர் கத்தினார்: வீட்டு முகவரியிலிருந்து ஆபீசுக்குத் தானே அனுப்பிய மெயில் வந்து சேரவில்லையாம். தடுப்பறையைத் திறந்தேன். இருந்தது. வெளி முகவரி, முதலாளி பெயர் — என் ரூல் சரியாக வேலை செய்திருக்கிறது. எடுத்து விட்டேன். சிரித்தபடிதான் விட்டேன். அப்புறம்தான் உறைத்தது. முதலாளி பெயர். மகளுக்குப் பின்பெயர் என்ன? அப்பா பெயர்தானே?

தராசுக்காரருடைய தடுப்பறையைத் திறந்தேன். ஒன்று இருந்தது. பழைய பதிவேட்டைத் தேடினேன். மொத்தம் நாலு. மூன்று அழிந்துவிட்டன. தேதியும் தலைப்பும் மட்டும் மிச்சம்:

மார்ச் 12 — அப்பா!!
மார்ச் 20 — நானும் குட்டியும்
ஏப்ரல் 1 — 12ஆம் தேதி ஸ்டேஷனுக்கு வருவீங்களா
ஏப்ரல் 14 — நாலு மணி வரைக்கும் நின்னோம்

அவர் முதன்முதலாக என்னைக் கேட்டாரே, அன்றைக்கே அவள் பதில் போட்டிருக்கிறாள். மூன்றாவது நேற்றுத்தான் அழிந்திருக்கிறது. நேற்று! ஒரு நாள் முன்னாடி திறந்திருக்கக் கூடாதா நான்?

கடைசி மெயிலைத் திறந்து படிக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் படிப்பதில்லை, அது ஒன்றையாவது காப்பாற்றினேன். ஆனால் அனுப்பியவர் பெயரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவள் பெயர், பக்கத்தில் அப்பாவின் பெயர். ஆறு வருஷம் ஆகியும், கல்யாணமாகி ஒரு குழந்தை பிறந்தும், அவள் அதை மாற்றவில்லை. அந்தப் பெயரைத்தான் நான் உள்ளே விடாதே என்று எழுதி வைத்தேன்.

மே 3, சனி

ஒரு பட்டனைத் தட்டினால் அந்தக் கடைசி மெயில் அவர் பெட்டிக்குப் போய்விடும். தட்டவில்லை. முதலில் நேரில் சொல்ல வேண்டும், திடுதிப்பென்று பார்த்தால் தாங்கமாட்டார் — இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நிஜம் வேறு. மெயிலைத் தொலைக்கிறவளிடம் யார் மெயிலை ஒப்படைப்பார்கள்? பல் டாக்டர் போவார், லிஃப்ட்காரர் போவார், எல்லாரும் போவார்கள்.

கடை வரைக்கும் போனேன். உள்ளே யாரோ வாடிக்கையாளர். வெளியே ஐந்து நிமிடம் நின்றேன். திரும்பி வந்துவிட்டேன்.

"ரெண்டு மாசம் பொறுத்தவர் ரெண்டு நாள் பொறுக்கமாட்டாரா, திங்கக்கிழமை நிதானமா சொல்லு" என்றார் என் கணவர். அந்த வார்த்தைக்காகத்தான் அவரிடம் சொன்னேனோ என்னவோ.

மே 4, ஞாயிறு

கடை விடுமுறை. துணி துவைத்தேன். அவர் வீட்டு நம்பர் என்னிடம் இருக்கிறது. போன் செய்யவில்லை.

மே 5, திங்கள்

பத்து மணிக்கு அவரே கூப்பிட்டார்.

"இனிமே உன்னைத் தொந்தரவு பண்ணமாட்டேன்மா. நேத்து லீவுன்னாலும் கடைக்கு வந்து கடைசியா ஒண்ணு எழுதி அனுப்பிட்டேன். அவ்வளவுதான், முடிஞ்சுது."

என்ன எழுதினீங்க என்று கேட்டேன், கேட்கக் கூடாதுதான். சொன்னார். "எனக்கு மகள் இல்லை. இனிமேல் உன் பெயரோடு என் பெயரைச் சேர்த்து எழுதாதே" என்று.

நான் ஓடினேன். நடந்தேன் என்று எழுதினால் பொய். கடையில் அவர் முன்னால் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். நாலு மெயில் வந்துச்சு சார், நான்தான் தடுத்து வெச்சேன், வேணும்னு இல்ல, வெள்ளிக்கிழமையே தெரியும் சார், சொல்லப் பயந்துட்டேன். அவர் கம்ப்யூட்டரிலேயே அந்தக் கடைசி மெயிலைத் திறந்துவிட்டேன். டிங் என்று வந்தது.

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். "அப்பா, காலைல பத்து மணியிலேந்து நாலு மணி வரைக்கும் நின்னோம். குட்டி உங்க போட்டோவ வெச்சுக்கிட்டு வர்ற தாத்தாங்களையெல்லாம் பாத்துக்கிட்டே இருந்தா. பரவாயில்லப்பா. ஊருக்குப் போய்ட்டு எழுதறேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"நேத்து அனுப்பினத திருப்பி எடுக்க முடியுமாம்மா?"

"முடியாது சார். அவங்க பெட்டிக்குள்ள போயிடுச்சு."

"அது மட்டும் தடையில்லாம போச்சா?"

"போச்சு சார்."

"எவ்வளவு நேரத்துல?"

எதற்குக் கேட்கிறார் என்று புரியவில்லை. பார்த்துச் சொன்னேன். இரண்டு நொடி.

அவர் துணியை எடுத்து ஒவ்வொரு எடைக்கல்லாகத் துடைக்க ஆரம்பித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசிக் கல்லைத் துடைத்து வைத்துவிட்டுச் சொன்னார்: "நீ தடுத்தது நாலு. அதுல எதுவும் அவ மனசப் புண்படுத்தலம்மா. நான் எழுதினதுதான்." அதற்குப் பதில் என்னைத் திட்டியிருக்கலாம்.

மே 6

அவர் ஒரு விரலால் தட்டித் தட்டி மன்னிப்புக் கேட்டு எழுதினார். அவரிடம் கேட்டுக்கொண்டு நானும் தனியாக எழுதினேன்: தவறு முழுக்க என்னுடையது, உங்கள் அப்பா தினமும் பத்து மணிக்குக் கேட்டார் என்று. இரண்டும் போய்ச் சேர்ந்தன. இப்போதெல்லாம் அதைப் பார்ப்பதே பயமாக இருக்கிறது.

மே 7

ரூலை மாற்றினேன். இருபத்து மூன்று தடுப்பறைகளையும் தினமும் காலையில் நானே திறந்து பார்க்கிறேன். நாற்பது நிமிடம் ஆகிறது. அந்த நாற்பது நிமிடம் மார்ச்சில் எங்கே போயிருந்தது?

மே 19, திங்கள்

பத்து மணி. "என் பெட்டி வேலை செய்யுதா?" இப்போது சோதனை மெயில் அனுப்புவதில்லை. தடுப்பறையைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல சார்" என்கிறேன். மெயிலுக்கு அவர் வேறு ஆளை அமர்த்திக்கொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

மே 30

அந்தச் சிநேகிதியிடம் அவரே போய்க் கேட்டாராம். நம்பர் தர மாட்டேன், அவளுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன் என்று சொல்லிவிட்டாளாம். "நல்ல பொண்ணு, வாக்க காப்பாத்தறா" என்றார்.

ஜூன் 11

ஒண்ணும் இல்ல சார்.

ஜூன் 27, வெள்ளி

இன்று பத்து மணிக்கு முன்னாலேயே போன். "வந்துருச்சும்மா. கொஞ்சம் வர முடியுமா?"

போனேன். கடை ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். திரையில் மெயில் திறந்திருந்தது. படிக்கச் சொன்னார், அவருக்காகப் படித்தேன்.

"உங்கள் இரண்டு மெயிலும் வந்தன. அந்த அம்மா எழுதியதும் வந்தது. நடந்தது புரிந்தது. யார் மேலும் கோபமில்லை. குட்டி நன்றாக இருக்கிறாள், இந்த மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

நல்ல மெயில்தானே சார் என்றேன். எப்படியாவது அது நல்ல மெயிலாக இருந்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. அவர் திரையின் மேல் பக்கம், அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தைத் துடைத்த விரலால் தொட்டுக் காட்டினார். அவள் பெயர் மட்டும் இருந்தது. பக்கத்தில் எதுவும் இல்லை.

"ஏம்மா, உன் மெஷின் ஏதாவது பேர வெட்டிடுச்சா?"

ஆமாம் சார் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். அந்த மார்ச்சுக்குப் பிறகு என் மெஷின் எதைச் செய்தாலும் நம்புவார்.

"இல்ல சார். அவங்க அனுப்பினபடியே வந்திருக்கு."

தலையாட்டினார். கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். "சரிம்மா, ஷட்டரத் தூக்கிட்டுப் போ, கடைய தொறக்கணும்" என்றார்.

ஜூன் 30, திங்கள்

பத்தே கால் வரை போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.