வேப்பிலை கட்டிய குடை

மச்சான்,

காலையிலிருந்து வீடெல்லாம் நல்லெண்ணெய் வாசம். பேத்தி பெரியவளாகி இன்றைக்கு மூன்றாம் நாள். உளுந்தங்களி கிண்டும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள், அடிபிடித்துவிட்டது. அந்த வாசத்தோடு நீயும் நினைப்பில் வந்துவிட்டாய்.

அன்றைக்கு என் மகள் பெரியவளானது பதினோராம் வகுப்பு சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது. தாய்மாமன் முறைக்கு நீதான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் ஒற்றைக் காம்பரா வீட்டுக்குள், பச்சை ஓலையால் மறைப்புக் குடிசை கட்டினாய். தலைக்குத் தண்ணி ஊற்றும்வரை வெளியே விடக்கூடாது என்றார்கள் பெண்கள். பரீட்சை போனால் கொழுந்து பறிக்கப் பேர் பதிய வேண்டியதுதான். எட்டாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்ட மேதை நான் என்ன செய்தேன்? ரேடியோ முன்னால் உட்கார்ந்து சண்டைச் செய்தி கேட்டுக்கொண்டு, "இந்த நாடு உருப்படாது" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ ரேடியோவை நிறுத்தினாய். "நாட்டுல பாதிப் பேரை ஓலைக்குள்ள உக்கார வச்சிட்டு, எப்படி உருப்படும் மாப்ள?"

"தீட்டு இருக்கே மச்சான்..."

"குடிசை கட்டுறது மாமன் முறை. அதை எங்க கட்டணும்னு நான்தான் சொல்லுவேன்."

பரீட்சையன்று உன் கறுப்புக் குடையைச் சுற்றி வேப்பிலை கட்டினாய். குடிசையே நடக்கப் போகிறதாம்! "கையில இரும்பில்லாம வாசல் தாண்டக் கூடாது" என்று மறித்தாள் உன் தங்கச்சி. மகள் கணிதப் பெட்டியைத் திறந்து கவராயத்தைக் காட்டினாள். "இதுவும் இரும்புதானேம்மா?" அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நீயும் மகளும் குடைக்குள், நான் பின்னால் சோற்றுப் பார்சலோடு. டவுன் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் வேப்பிலையைத் துப்பாக்கியால் விலக்கிப் பார்த்தான். எனக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் மறந்துபோயிற்று. நீ நிதானமாய் விஷயத்தைச் சொன்னாய். அவனும் சிங்களத்தில், "எங்க தங்கச்சியையும் இப்படித்தான் அடைச்சு வச்சாங்க. நேரமாச்சு, ஓடுங்க" என்றான்.

அன்று குடைக்குள் நடந்த பிள்ளை இன்றைக்கு மருத்துவ மாது. அவள் கைபட்டுப் பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன. ரேடியோ இன்னும் சண்டையைத்தான் சொல்கிறது. நான் தீர்ப்புச் சொல்வதை விட்டுவிட்டேன். அவள் பையோடு லயத்துப் படியிறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நீ போய்ச் சேர்ந்த பிறகு குடை என்னிடம்தான் இருக்கிறது. பேத்திக்கு இன்று தவணைப் பரீட்சை. வேப்பிலை கட்டி விரித்தேன்.

"ஐயோ தாத்தா, பார்க்கிறவங்க சிரிப்பாங்க!" அம்மாவின் பழைய கவராயத்தை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடியே போனாள்.

பள்ளிக்கூட வாசல்வரை பின்னாலேயே போனேன் மச்சான். வழியெல்லாம் சிரித்தார்கள். நான் குடையை மடக்கவில்லை.