உலக்கை ஓய்ந்த ஐந்து நாள்

தை, செவ்வாய் இரவு, 2004

சிலிக்கா நுண்துகள்கள் வரிசையாக அமைய வேண்டுமென்றால், கரைசல் வற்றும்வரை குப்பி அசையக் கூடாது. நகரத்து லேபில் லாரி அதிர்வில் நான்கு முறை கெட்டது. அதனால் மலையிலிருக்கும் எங்கள் வீட்டுக்கே எடுத்து வந்தேன். ஐந்து நாளாக அம்மா உலக்கையைத் தொடவில்லை. ராகியைச் சித்தி வீட்டுக்குச் சுமந்துபோய் இடித்தாள். இன்று குப்பிக்குள் வைத்த கண்ணாடித் தகட்டில் விரிசலில்லாத மயில்கழுத்து நிறம்; துகள்கள் வரிசையாகிவிட்டன. சோளக்காடு டெலிபோன் பூத்திலிருந்து என் ஆய்வுப் பேராசிரியரிடம் சொன்னேன்.

“வீட்டுல செஞ்சதுன்னு கட்டுரையில எழுதினா சிரிப்பாங்கம்மா. நம்ம லேப்லன்னே போடு.”

“சரிங்க சார்” என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது!

வீட்டில் அம்மா கேட்டாள்: “சார் என்ன சொன்னாரு கண்ணு? இனி இடிக்கலாமா?”

“நல்லா இருக்குன்னாரு. இடிங்கம்மா.”

உலக்கை விழ விழ என் எழுத்து நடுங்குகிறது. நடுங்கட்டும்.